சுங்கச்சாவடிக்காரி

தம்பெரேயில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
டிராம் ஓட்டி முடித்து, சீருடையைக்கூடக் கழற்றாமல்
சமையலறை மேசையில் வரைபடத்தை விரிப்பேன்.
வியாழன்தோறும் நான்கு பேர் வருவார்கள்,
ஓர் உலகத்தைக் காப்பாற்ற.

ஆர்னி வாள்வீரன். கெர்த்து மந்திரக்காரி.
தைஸ்தோ திருடன்; வெளியே பல் மருத்துவர்.
ஊல்லா எப்போதும் காயங்களுக்குக் கட்டுப்போடுபவள்,
அவளுக்கு யாரையும் அடிக்கப் பிடிக்காது.
மிச்சமெல்லாம் நான்:
மழை, குதிரைகள், சத்திரக்காரன், தீமை.

முதல் ஆண்டு தீமைக்குக் கோபுரம் கட்டினேன்.
கறுப்புக் கல், ஏழு கொம்பு, எலும்புத் தேர்.
கோர்வாக் என்று பெயர்.
தொண்டையைச் செருமி அதைச் சொல்லும்போதெல்லாம்
கீழ்வீட்டு நாய் குரைத்தது.
ஊர்களை எரித்தான். எரித்த ஊரின் வாசலில்
தன் பெயரை எழுதியும் வைத்தான்.

பாம்பென்றால் படையும் நடுங்கும், சரி.
நடுங்கிய படைதானே தடியும் தேடுகிறது?

ஆறே வாரம்.
முகம் பார்க்காத மூன்று அரசர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்.
குள்ளர்கள் கடனுக்குக் கோடரி கொடுத்தார்கள்.
அவன் மிரட்டிய ஒவ்வோர் ஊரும்
ஆர்னியின் பின்னால் வரிசையில் வந்து நின்றது.
கோபுரம் சரிந்த இரவில் கேக் வெட்டினோம்.
எனக்கு மட்டும் அவன்மேல் இரக்கம்,
சம்பளமே இல்லாமல்
எதிரிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவன்.

அடுத்த ஆண்டு ஒரு பாலம்.
பாலத்தருகே சுங்கச்சாவடி.
உள்ளே மீர்னா, கம்பளிக் கையுறை, சில்லறைப் பெட்டி.
"கால் நனைந்திருக்கிறதே, உட்காருங்கள்" என்பாள்.
முட்டைக்கோஸ் சூப் தருவாள்.
குதிரைக்கு இரண்டு காசு. அடுத்த மாதம் இரண்டரை.
"அரைக் காசுதானே" என்றான் தைஸ்தோ.

பாலத்துக்கு அப்பால் ஓர் ஆலை மூடியது.
பிறகு பள்ளிக்கூடம்.
ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லை என்று சொல்லி
நான் கொஞ்சம் காத்திருந்தேன்.
ஆர்னி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான்.
பதினாறு வாரம், கோபுரம் தேடி
மலை மலையாக அலைந்தார்கள்,
போகும்போது அந்தப் பாலத்தில், வரும்போதும் அதே பாலத்தில்,
காசு கொடுத்து, நன்றியும் சொல்லி.

எங்கிருந்து பிடித்தாய் இவளை என்று பிறகு கேட்டார்கள்.
எங்கள் வீட்டு உரிமையாளர் நல்ல மனிதர்.
ஜனவரிதோறும் கடிதம் போடுவார்,
பதினெட்டு யூரோ கூடுதல், கீழே பேனாவால் ஒரு சிரித்த முகம்.
ஒன்பது ஜனவரிகள்.
முதலில் பியானோ போயிற்று. பிறகு முன்னறைக்கு
ஒரு கல்லூரி மாணவன் குடிவந்தான்.
அவர் பெயரைக் கேட்டு எந்த நாயும் குரைத்ததில்லை.
போன கோடையில் அவருக்கு
லிங்கன்பெர்ரி ஜாம்கூடக் கொடுத்தேன்.

பதினேழாம் வாரம் எனக்கே பொறுக்கவில்லை.
மீர்னா வென்றுவிட்டாள், அதை யாரிடம் சொல்வது?
ஒளிந்திருப்பவளுக்குக் கைதட்ட ஆளில்லை.
பொட்டல் வெளியில் தோற்ற கோர்வாக்குக்காவது
பாட்டு கட்டினார்கள்.
அதனால் அவள் கணக்கேட்டை
மேசையில் திறந்தபடி விட்டுவிட்டு
சூப் எடுக்க உள்ளே போனாள்.
மறந்தாளா, வேண்டுமென்றா, எனக்கும் தெரியாது.

ஊல்லா வாசித்தாள். தன் பெயர், தேதி, இரண்டு காசு.
தன் பெயர், தேதி, இரண்டரை.
ஆலை. பள்ளிக்கூடம். அந்த வீடு.
நெடுநேரம் யாரும் பகடையைத் தொடவில்லை.
"என்னிடம் கத்தி ஏதாவது இருக்கிறதா?"
என்று கேட்டாள் ஊல்லா, முதல்முறையாக.

அன்று வந்த கடிதம்
பகடைப் பெட்டிக்கு அடியில் கிடந்தது.
சிரித்த முகம் பாதி வெளியே தெரிந்தது.
"அது என்ன?"
"ஒன்றுமில்லை" என்றேன், "பதினெட்டு யூரோதானே."

என் வாயில் தைஸ்தோவின் குரல்.
ஊல்லா ஏட்டை மூடிவிட்டு
என் பக்கம் கையை நீட்டினாள்.